அடுக்குக் கணக்கில் தப்பு எங்கே வந்தது

கண்ணு,

பாலக்காட்டிலிருந்து நீ அனுப்பின நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். (2க³ப⁻²)³ ÷ (4க⁻¹ப⁴)² என்ற கணக்குக்கு க⁷ப²/8 என்று போட்டிருக்கிறாய். வர வேண்டியது க¹¹/(2ப¹⁴). மூன்று இடத்தில் தப்பு போலத் தெரிகிறது, ஆனால் இரண்டுதான்.

ஒன்று சின்னது. அடைப்புக்குறியின் மேல் நிற்கும் அடுக்கு உள்ளே இருக்கும் கெழுவுக்கும், அதாவது எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண்ணுக்கும், சேரும். மேலே 2³ = 8 வர வேண்டும்; நீ 2 என்றே விட்டுவிட்டாய். கீழே 4²-ஐ 16 என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறாய், அதனால் இது அவசரம்தான். சில பேர் இங்கே 6 என்று எழுதுவார்கள். அடுக்கை அடுக்கோடுதான் பெருக்குவோம். கெழுவை அத்தனை தடவை தன்னோடு பெருக்கணும்.

இரண்டாவதுதான் கவனிக்க வேண்டியது. விரித்தபின் மேலே 8க⁹ப⁻⁶, கீழே 16க⁻²ப⁸. வகுக்கும்போது அடுக்கைக் கழிக்கணும். நீ கூட்டியிருக்கிறாய்: 9 + (−2) = 7, −6 + 8 = 2. க-விலும் ப-விலும் அதே தப்பு. குறை அடுக்கைப் பார்த்ததும் "கழித்தாயிற்று" என்று மனசு நினைத்துக்கொள்கிறது. அந்தக் குறி அடுக்கோடது, கழித்தல் வகுத்தலோடது, இரண்டும் தனித்தனி. மனசுக்குள் போடாமல் அடைப்பு போட்டு எழுது:

க: 9 − (−2) = 11
ப: −6 − 8 = −14

8/16 என்பது 1/2. ப⁻¹⁴ பின்னத்தின் கீழே, பகுதிக்கு இறங்கி ப¹⁴ ஆகும். அவ்வளவுதான்.

4க⁻¹ என்றால் 4/க. குறை அடுக்கு க-வுக்கு மட்டும், 4 கீழே போகாது. அதேபோல −க² வேறு, (−க)² வேறு. பெருக்கும்போது அடிமானம், அதாவது அடுக்கைத் தாங்கும் எழுத்து, ஒன்றாக இருந்தால்தான் அடுக்கைக் கூட்டலாம். க³ × ப⁴ அப்படியேதான் நிற்கும். (க + ப)²-ஐ க² + ப² என்று எழுதிவிடாதே, அடைப்புக்குள் கூட்டல் இருந்தால் வெளி அடுக்கை உள்ளே ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும் விதி செல்லாது. க⁰ = 1 ஏனென்றால் க⁵ ÷ க⁵ ஒன்றுதானே; க பூச்சியமாக இருக்கக்கூடாது, அது மட்டும் நிபந்தனை.

சந்தேகம் வந்தால் க × க × க என்று விரித்து எண்ணிப் பார், வெட்கமில்லை. 1637-இல் இந்த அடுக்கு எழுத்து முறையைக் கொண்டுவந்த பிரெஞ்சுக் கணித அறிஞர் டெக்கார்ட்டே வர்க்கத்தைப் பெரும்பாலும் எழுத்தை இரண்டு தடவை போட்டுத்தான் எழுதினார்.

விடையைச் சரிபார்க்க எண் போடும்போது இரண்டுக்கும் 1 போடாதே. 1-க்கு எந்த அடுக்கு போட்டாலும் 1 என்பதால் அடுக்கில் வந்த தப்பு மறைந்துபோகும். க = 2, ப = 1 போட்டால் கணக்கு 1024 தருகிறது, உன் விடை 16 தருகிறது. ப-வைச் சோதிக்க மறுபடி க = 1, ப = 2 போடு. இரண்டும் ஒத்துவந்தால் தைரியமாக அடுத்த கணக்குக்குப் போகலாம்.

(3க⁻²ப)² × க⁵ப⁻³ போட்டுப் படம் எடுத்து அனுப்பு. 9க/ப வரணும். வழி எல்லாவற்றையும் எழுது, விடை மட்டும் வேண்டாம்.

அம்மா
பொள்ளாச்சி