லார்டு சின்க்ளேரின் நெற்றியைத் திருப்பித் தாருங்கள்

பழைய தொலைக்காட்சித் தொடர்களை இணையவழி வழங்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ‘தி பர்சுவேடர்ஸ்!’ என்ற பழைய பிரிட்டிஷ் சாகசத் தொடரை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ‘மெருகேற்றிய பதிப்பு’ ஒன்றை நீங்கள் ஏற்றியிருப்பதும், அதுகுறித்து வந்த முறையீடுகளும் தாங்கள் அறிந்தவைதாம். என் முறையீட்டுக்கு, டிவியின் திரை அமைப்பைச் சரிபார்க்குமாறு பதில் வந்தது. சரிபார்த்தேன். டிவி நலமாக இருக்கிறது. தொடரில் ரோஜர் மூர் நடிக்கும் லார்டு பிரெட் சின்க்ளேருக்குத்தான் நெற்றியைக் காணவில்லை.

1971இல் ஒளிபரப்பத் தொடங்கிய அந்தத் தொடரின் சட்டகம் 4:3, அதாவது அகலம் நான்கு பங்கென்றால் உயரம் மூன்று. அதை இன்றைய அகலமான 16:9 திரையில் நிரப்புவதற்காக மேலும் கீழுமாகப் படத்தில் கால்பங்கை வெட்டி எறிந்திருக்கிறீர்கள். முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காக்டெயிலில் ஆலிவ் ஒன்று போடுவதா, இரண்டு போடுவதா என்று மான்டி கார்லோவில் ரோஜர் மூரும் டோனி கர்டிஸும் கட்டிப் புரளுகிறார்கள். தொடரே அந்த அற்பச் சண்டையில்தான் பிறக்கிறது. உங்கள் பதிப்பில் முகம் தெரிந்தால் முஷ்டி தெரியவில்லை. முஷ்டி தெரிந்தால் அடி வாங்கியவர் யார் என்று தெரியவில்லை. தயவுசெய்து பழைய சட்டகத்தைத் திருப்பிப் போடுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்தால் எங்கள் கண் ஒன்றும் கெட்டுவிடாது.

தொடக்கக் காட்சியை உங்கள் தளம் தானாகவே தாண்டிவிடுகிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் சேரியில் பிறந்து எண்ணெயில் பணம் குவித்த டேனி வைல்டு (டோனி கர்டிஸ்) ஒரு பாதியில், ஹாரோவிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்த சின்க்ளேர் பிரபு மறுபாதியில் என்று திரையைப் பிளந்து, ஜான் பாரியின் இசையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு வாழ்க்கைகளைச் சொல்லி முடிக்கும் காட்சி அது. அதைப் பறித்துக்கொண்டால், ஓய்வுபெற்ற நீதிபதி ஃபுல்டன் குற்றவாளிகளைப் பிடிக்க வேலை வாங்கும் இந்த இரண்டு சோம்பேறிகள் யார் என்று புதிதாகப் பார்ப்பவருக்கு எப்படி விளங்கும்?

தொடர் பழையதாகிவிட்டது, மறுக்கவில்லை. காருக்குப் பின்னால் ஓடும் சாலை ஸ்டூடியோத் திரையில் ஓடுவது என்று சிறுபிள்ளையும் சொல்லிவிடும். பெண்கள் பெரும்பாலும் கடத்தப்படவும் காப்பாற்றப்படவுமே வருகிறார்கள். அதற்கு எச்சரிக்கை வாசகம் போடுங்கள், வரவேற்கிறேன். ஆனாலும் அந்த இருவரின் வாய்ச்சண்டை இன்றும் சிரிக்க வைக்கிறது. அமெரிக்காவில் எடுபடாமல் 24 அத்தியாயங்களோடு நின்றுபோன தொடரை, ஜெர்மானியர்கள் டப்பிங்கில் மூலத்தில் இல்லாத கேலிகளையெல்லாம் நுழைத்துக் கொண்டாடினார்கள். அவர்கள் சேர்த்தார்கள், ஐயா, வெட்டவில்லை.

சின்க்ளேரின் உடைகளை வடிவமைத்தவர் ரோஜர் மூரே என்று இறுதிப் பெயர்ப்பட்டியலில் ஒரு வரி வரும். அந்தப் பட்டியலைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி மூலையில் ஒட்டிவிட்டு, அடுத்து எதைப் பார்க்கலாம் என்று எனக்கு யோசனை சொல்கிறீர்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பதையே முழுதாகக் காட்டாதவர்களுக்கு என் அடுத்த மாலையைப் பற்றி எத்தனை கரிசனம்! சந்தாவில் மட்டும் இந்தக் கால்பங்குக் கணக்கு நடைமுறைக்கு வந்ததாகத் தெரியவில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். 4:3 பதிப்பை மீண்டும் ஏற்றுங்கள். தொடக்கக் காட்சியைத் தாண்டுவதா வேண்டாமா என்பதைப் பார்ப்பவரிடம் விடுங்கள். மெருகேற்றியதை நீக்க மனமில்லையென்றால் அதுவும் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
முழுச் சந்தா செலுத்தும் பார்வையாளன்