காலம் கெட்டுவிட்டது

அன்புள்ள முரளி,

ஐந்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டியிருப்பாய், வாங்கிக்கொள்கிறேன். அப்பாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. சின்னவள் உன் பேனாவைத் தர மாட்டாளாம்.

ஆய்வகத்தில் ஒரு காலம் கெட்டுவிட்டது. இதைப் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை காதில் விழுந்து, "ஆமாம், ரொம்பத்தான் கெட்டுக் கிடக்கிறது" என்று பெருமூச்சு விட்டாள். நான் சொன்னது சி-18 காலம் (column): மருந்திலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும், சிலிக்காத் தூள் அடைத்த குழாய் என்று அவளுக்கு எப்படி விளக்குவது?

நடந்தது இதுதான். மாத்திரை ஆய்வில் பீக், அதாவது ஒரு பொருள் வெளியேறும்போது வரைபடத்தில் எழும் கூம்பு, இரண்டாகப் பிளந்தது. பஃபரை (பிஎச் மாறாமல் வைத்திருக்கும் கரைசலை) தப்பாகக் கலக்கினாய் என்று புதுப்பையனைப் பார்த்து எல்லோர் முன்பாகவும் கத்திவிட்டேன். பாவம், மூன்று முறை புதிதாகக் கலக்கினான். மூன்று முறையும் பிளந்தது.

உறுத்தல் தாங்காமல் அதே வகையில் புதுக் காலம் ஒன்றை மாட்டினேன். அதே பாஸ்பேட் பஃபர், பிஎச் 7.5, அதே 50 டிகிரி, நிமிடத்துக்கு 1 மில்லி. 150 மி.மீ. காலத்துக்குள் ஏறத்தாழ 1.5 மில்லிதான் நிற்கும். ஒரு நாள் ஓடினால் அதைப் போல் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு கரைசல் கடந்துவிடும். காலையும் மாலையும் யுராசில், டொலுயீன், அமிட்ரிப்டிலின் கலவையைச் செலுத்திப் பார்த்தேன். யுராசில் எதிலும் ஒட்டாமல் முதல் ஆளாக வெளியேறும். நம் விடுதியில் அது யார் என்று உனக்குத் தெரியும்.

நாள்கணக்கில் ஒன்றுமே நகரவில்லை. பீக் வரும் நேரம் அப்படியே இருந்தது. பையன்தான் குற்றவாளி என்று மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு ஒரே இரவில் பிளேட் எண்ணிக்கை (காலத்தின் பிரிக்கும் திறனுக்கான அளவு) சரிந்தது. டெய்லிங், அதாவது பீக்கின் வால் நீளும் அளவு, 2-ஐத் தாண்டியது. காலத்தின் முகப்பைக் கழற்றினால் சிலிக்கா உள்வாங்கிக் குழி விழுந்திருக்கிறது!

அமிலத்தில் கெடும் காலம் யோக்கியமானது. சிலிக்காவில் ஒட்டியிருக்கும் கார்பன் சங்கிலிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழல, பீக்குகள் முன்னால் நகர்ந்து எச்சரிக்கும். காரப் பக்கம் போனால் சிலிக்காவே அடியில் கரையும். கடைசிவரை வாய் திறக்காது. பாஸ்பேட்டும் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ட்ரிஸ் போன்ற கரிம பஃபரில் நெடுநாள் தாங்கும் என்று இந்தத் துறை ஆய்வாளர் கிர்க்லாண்டின் குழுவினர் 1990களிலேயே எழுதிவிட்டார்கள். நான்தான் டப்பாவில் போட்டிருந்த "பிஎச் 2 முதல் 8 வரை" என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ட்ரிஸ் போட்டு 30 டிகிரியில் அடுத்த ஓட்டம். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. பையனிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோர் முன்பாகவும் கத்தினேன். எல்லோர் முன்பாகவும்தான் சொல்ல வேண்டும். நீயாக இருந்தால் எப்படி ஆரம்பிப்பாய்? ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு போன் செய்.

உன்,
ராகவன்