கதிர்வீச்சு முடிந்த பிறகு சிறுநீர்ப்பைக்கு நேர்வது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புராஸ்டேட் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது பற்றியும் அதைக் காட்டிக்கொடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பற்றியும் பத்திரிகைகளில் நிறைய வருகிறது. வர வேண்டியதுதான். ஆனால் ரேடியேஷன் முடிந்து, பி.எஸ்.ஏ. அளவும் இறங்கி, 'இனிப் பயமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவருக்கு நான்கைந்து ஆண்டுகள் கழித்துச் சிறுநீரில் ரத்தம் போனால் என்ன செய்வது? இதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பையின் கழுத்தை ஒட்டியே இருக்கிறது. எவ்வளவு துல்லியமாகக் குறிவைத்தாலும் பையின் அடிப்பகுதி கொஞ்சம் கதிர்வீச்சை வாங்கிக்கொள்ளும். சிகிச்சையின்போது வரும் எரிச்சலும் நீர்க்கடுப்பும் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். பாடுபடுத்துவது பின்னால் வருவதுதான். ஆறு மாதத்தில் தொடங்கலாம், பத்து ஆண்டு கழித்தும் தலைகாட்டலாம். பைச் சுவரின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் மெல்ல அடைபடுகின்றன. ரத்த ஓட்டம் குறைந்த தசை இறுகி நாராகிறது. 400 மில்லிக்கு மேல் தாங்கிய பை 150 மில்லியிலேயே முட்டத் தொடங்குகிறது. உட்பரப்பில் சிலந்தி வலைபோல் விரிந்து நிற்கும் மெல்லிய குழாய்கள் சிறு அழுத்தத்துக்கே உடைகின்றன. ரத்தம் வருவது அங்கிருந்துதான்.

அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று பலர் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். இது தொல்லையைக் கூட்டும். அடர்ந்த சிறுநீர் புண்பட்ட பையை இன்னும் உறுத்தும்; கிருமித் தொற்றுக்கு வழிவிடும்; ரத்தம் கசிந்தால் நீர்த்துப் போகாமல் கட்டியாக உறையும். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ மருத்துவர் அளவு விதித்திருந்தால் ஒழிய, நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும். அதைப் பகலில் பரவலாகக் குடித்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே குறைத்துக்கொள்ளலாம். காபி, தேநீர், கோலா, மது, புளிப்பு, காரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தால் எது தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது பிடிபடும். மலச்சிக்கலையும் கவனிக்க வேண்டும். நிறைந்த மலக்குடல் பையை நெருக்கும். முக்கினால் ரத்தக் கசிவு திரும்பவும் தொடங்கும்.

மருத்துவரிடம் போகும் முன் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள். ஓர் அளவுக் குவளையை ஒதுக்கி வைத்து, எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மில்லி போனது, அவசரம் எப்படி இருந்தது என்று குறித்தால் போதும். பகலிலும் இரவிலும் ஒவ்வொரு முறையும் 100, 120 மில்லிதான் என்றால் பை சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம். காலையில் 300 மில்லி, பகலில் 80 மில்லி என்று ஏறி இறங்கினால் பையில் இடம் இருக்கிறது, அவசர உணர்வுதான் துரத்துகிறது. அதற்குப் பயிற்சி உதவும். இரவுச் சிறுநீர் மட்டும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், கால் வீக்கம், இதயம், தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று வேறு பக்கமும் தேட வேண்டும். பத்து நிமிடம் வாயால் விளக்குவதைவிட இந்த ஒரு தாள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

பயிற்சி என்றால், அவசரம் வந்ததும் ஓடாமல் நின்று, காற்று வெளியேறாமல் அடக்குவதுபோல் இடுப்புத் தளத் தசையை ஐந்தாறு முறை சட்டென்று இறுக்கி விடுவது. அலை தணிந்த பிறகு நடந்து போகலாம். ஒருமுறை போவதற்கும் அடுத்த முறைக்கும் உள்ள இடைவெளியை வாரத்துக்கு 10, 15 நிமிடம் கூட்டலாம். நாராகிவிட்ட பையிடம் இந்தப் பிடிவாதம் செல்லாது. வலித்தால் நிறுத்திவிட வேண்டும். அவசர உணர்வைத் தணிக்கும் சாலிஃபெனாசின், ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகளுக்கு முன், சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேனில் பார்ப்பது அவசியம். இவை வாய் வறட்சியையும் மலச்சிக்கலையும் தரும், முதியவர்களுக்குக் குழப்பத்தையும் உண்டாக்கும். அதே வேலைக்குத் தரப்படும் மிராபெக்ரான் என்றால் ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும்.

ரத்தம் ஒருமுறை போய் நின்றுவிட்டாலும் பரிசோதனை வேண்டும். 'ரேடியேஷனால்தான்' என்று முன்கூட்டியே முடிவு கட்டக் கூடாது. கதிர்வீச்சு பட்ட பையில் புதிதாகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல். கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சிறுநீர்க் கல்ச்சர், ஸ்கேன், கேமராக் குழாயால் பைக்குள் பார்க்கும் சிஸ்டாஸ்கோப்பி மூன்றும் தேவை. கல்ச்சர் பார்க்காமலே திரும்பத் திரும்ப ஆன்டிபயாட்டிக் தருவது நோயாளியின் காலத்தை வீணாக்குகிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்றவை எடுப்பவர்கள் அவற்றைத் தாங்களே நிறுத்திவிடவும் கூடாது.

கட்டி கட்டியாக ரத்தம் வந்து, பிறகு சிறுநீரே வராமல் அடிவயிறு உப்பி வலித்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே மெல்லிய டியூப் பயன்படாது, கட்டி அதன் வழியே வராது. 22 அல்லது 24 அளவுள்ள மும்முனைக் கத்தீட்டர் போட்டு, முதலில் 50 மில்லி சிரிஞ்சால் சலைனை ஏற்றி இறக்கிக் கட்டிகளை எடுக்க வேண்டும். சொட்டுச் சலைன் அதற்குப் பிறகுதான். உடன் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: உள்ளே போகும் சலைனுக்குக் குறையாமல் வெளியே வந்துகொண்டிருக்க வேண்டும். வடிகால் பை நிரம்பாமல் நின்றுவிட்டால் சலைனின் கிளாம்ப்பை உடனே மூடிவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். அடைபட்ட பைக்குள் சலைன் ஏறிக்கொண்டே இருந்தால் பை கிழியக்கூடும்.

ரத்தம் அடங்காவிட்டால் கசியும் இடத்தைச் சுடுவது, ஹையலுரானிக் அமிலத்தைப் பைக்குள் செலுத்துவது என்று வழிகள் உண்டு. அழுத்த அறையில் தூய ஆக்ஸிஜன் சுவாசிப்பதும் ஒன்று. 2019இல் வெளியான நார்டிக் நாடுகளின் ரிச்-ஆர்ட் ஆய்வில் இப்படி 30 முதல் 40 அமர்வுகள் பெற்றவர்களுக்கு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடச் சிறுநீர்த் தொல்லைகள் நன்றாகக் குறைந்தன. புதிய ரத்தக் குழாய்கள் வளர்ந்தால்தான் பலன் என்பதால் பொறுமை வேண்டும். ஃபார்மலினைப் பைக்குள் செலுத்துவது, பையையே அகற்றுவது எல்லாம் கடைசிக்கட்டம்.

மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் தாளில் 'ரேடியேஷன் முடிந்தது' என்று மட்டும் எழுதாமல், எந்தத் தேதிகளில், மொத்தம் எத்தனை கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு), எத்தனை அமர்வு, வெளியிலிருந்தா உள்ளே கதிர்வீச்சு விதைகள் வைத்தா என்பதையும் எழுதிக் கொடுங்கள். பத்து ஆண்டு கழித்து வேறொரு மருத்துவர் புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கவோ மலக்குடலின் முன்சுவரில் பயாப்ஸி எடுக்கவோ நினைக்கும்போது அவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான். கதிர்வீச்சு பட்ட திசு எளிதில் ஆறாது. முதலாவதால் சிறுநீர் அடங்காமல் போகலாம். இரண்டாவதால் மலக்குடலுக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் இடையே ஓட்டை விழலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்