அத்திக் கன்று வாங்கும்போது இலையைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மாடியில் அத்தி வளர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் படத்தில் இருந்தது சீமை அத்தி (கடையில் உலர்பழமாக விற்கிறார்களே, அது), கீழே சொல்லியிருந்த விஷயங்களில் பாதி நம் ஊர் ஆற்றங்கரைகளில் தானாக வளர்கிற நாட்டு அத்திக்கு உரியவை. இதே குழப்பத்தில் மூன்று வருடத்தைத் தொலைத்தவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குத் தாம்பரம் பக்கம் வீடு. ஒரு நர்சரியில் "அத்திங்க, ரெண்டே வருஷத்துல காய்க்கும்" என்று சொல்லி 350 ரூபாய்க்கு ஒரு கன்று கொடுத்தார்கள். பெரிய பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு மொட்டை மாடியில் வைத்தேன். வளர்ந்தது, வளர்ந்துகொண்டே இருந்தது, கடைசியில் வேர் ஓட்டை வழியாக வெளியே வந்து தளத்து விரிசலுக்குள் இறங்கப் பார்த்தது, காய் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஊரிலிருந்து வந்த சித்தப்பா இலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "டேய், இது நம்ம ஆத்தங்கரை அத்திடா, இதைப் போய் வாளிக்குள்ள வெச்சிருக்கியே!"

வித்தியாசம் இலையிலேயே இருக்கிறது. நாட்டு அத்தி இலை பிளவே இல்லாமல் நீள்வட்டமாக, வழவழப்பாக இருக்கும். சீமை அத்தி இலை விரித்த கை மாதிரி மூன்றாகவோ ஐந்தாகவோ பிரிந்திருக்கும், தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். (சொரசொரப்பை மட்டும் நம்ப வேண்டாம், பேயத்தி என்கிற காட்டு அத்தியின் இலையும் அப்படித்தான், ஆனால் அது பிரிந்திருக்காது.) நாட்டு அத்தி அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும், பிட்டால் உள்ளே குட்டிக் குளவிகள் ஓடும். 'அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் சொத்தை' என்று சொன்னவர்கள் இதைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். சீமை அத்தியில் இலைக்காம்பு ஒட்டும் இடத்தில் ஒன்றிரண்டு காய் வரும், அவ்வளவுதான்.

இன்னொன்று, கடையில் வாங்கிய உலர் அத்தியின் விதையைப் போட்டு முளைக்க வைக்கிறேன் என்று என் தங்கை உட்படப் பலர் கிளம்பியிருக்கிறார்கள். முளைக்கும், அதில் சந்தேகமில்லை. துருக்கியிலிருந்து வருகிற உலர் அத்தி பெரும்பாலும் அத்திக்கென்றே உள்ள ஒரு வகைக் குளவி உள்ளே புகுந்து மகரந்தம் சேர்த்தால்தான் பழுக்கிற ரகம், அந்தக் குளவி நம் ஊரில் கிடையாது. அது மட்டுமல்ல, விதைக் கன்றுகளில் பாதிக்குப் பாதி ஆண் மரமாகிவிடும். குளவியே தேவைப்படாமல் பழுக்கிற ரகம்தான் நமக்குச் சரி. பூனா அத்தி அப்படிப்பட்டது, அந்த ரகம் விளைகிற புனே பக்கத்துப் புரந்தர் பகுதி அத்திக்கு 2016-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. விதை வேண்டாம், ஒரு சாண் நீளப் போத்து (நட்டால் வேர்விடும் கிளைத் துண்டு) போதும்.

நானும் இரண்டாவது முறை அப்படித்தான் செய்தேன், நண்பர் வீட்டு மரத்திலிருந்து ஒடித்து வந்த போத்து. செம்மண், மணல், தொழு உரம், ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்குகிறது, தண்ணீரை இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் வாளி வாளியாக ஊற்றினால் மட்டும் பிஞ்செல்லாம் உதிர்ந்துவிடும்.

வெயிலைவிட மழைதான் எதிரி, கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஐப்பசி மழை பிடித்ததும் இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடி பொடியாகத் துரு நோய் வரும், இரண்டே வாரத்தில் இலை முழுக்கக் கொட்டிவிடும். முதல் வருடம் வெறும் குச்சியாக நின்றதைப் பார்த்து என் மனைவி அதன்மேல் ஈரத் துண்டைக் காயப் போட்டார், நானும் செத்துவிட்டது என்று பிடுங்கப் போனேன். நல்லவேளை, நகத்தால் கீறிப் பார்த்தபோது உள்ளே பச்சை இருந்தது. இப்போதெல்லாம் உதிர்ந்த இலையைப் பொறுக்கி மாடியிலிருந்தே அப்புறப்படுத்திவிடுகிறேன், இலைமேல் தண்ணீர் தெளிப்பதில்லை, பொங்கல் முடிந்ததும் கவாத்து செய்கிறேன். புதுத் தளிரில்தான் காய் வரும் என்பதால் பயப்படாமல் வெட்டலாம், பால் மட்டும் கையில் படக்கூடாது, அரிக்கும். அப்படி வெட்டினால் சித்திரை, வைகாசி வெயிலில் பழம் கிடைக்கிறது. மழையில் பழுத்தது புளித்து வெடித்துவிடும். புரந்தர்க்காரர்கள் மழைக்காலப் பருவத்துக்கு 'புளிப்பு' என்றும் கோடைப் பருவத்துக்கு 'இனிப்பு' என்றும் பொருள்படத்தான் பெயரே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், பறித்து வைத்தால் பழுக்கும் என்று காத்திருக்காதீர்கள், அத்தி மாம்பழம் இல்லை. காம்பு தொய்ந்து, பழம் தலை கவிழ்ந்து, தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும். அந்த ஒரு நாளை நம்மைவிட அணில் சரியாகக் கணக்குப் போடுகிறது, அதனால் ஒவ்வொரு பழத்துக்கும் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த பை ஒன்று கட்டியிருக்கிறேன். போன சித்திரையில் பதினொரு பழம் எங்களுக்கு, நான்கு அணிலுக்கு.

அடுத்த முறை அத்தி பற்றி எழுதும்போது பழத்தின் படத்தைச் சின்னதாக்கி, இரண்டு அத்தி இலையையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள் சார். நர்சரிக்குப் போகிறவர் கையில் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாம்பரம்.