கயிறு கட்டாத மாணவனுக்கு ஒரு துணை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவர்கள் கையில் கட்டும் சாதி அடையாளக் கயிறுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வரும் செய்திகளையும், அவற்றையொட்டி வாசகர்கள் எழுதும் கடிதங்களையும் விடாமல் படித்து வருபவன் நான். எழுதுகிறவர்கள் அனைவரும் கயிறு கட்டியிருக்கும் மாணவனைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அவன் கையிலிருந்து அதை எப்படி அவிழ்ப்பது என்றே கேட்கிறார்கள். திருநெல்வேலி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற எனக்கு, அதே தெருவில் பிறந்து, அதே பேருந்தில் ஏறி, கயிறு வேண்டாம் என்று மனத்துக்குள் நினைக்கிற இன்னொரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கயிறுகளுக்கு எதிராகப் பள்ளிக்கல்வித் துறை 2019ஆம் ஆண்டே சுற்றறிக்கை அனுப்பியது. அது அப்போதே அரசியல் சர்ச்சையாகி அடங்கிப்போனது. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பகுதியில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில், கயிறு தொடர்பாக மாணவர்களுக்குள் எழுந்த தகராறில் அடிபட்ட பிளஸ் டூ மாணவர் ஒருவர் சில நாட்களில் உயிரிழந்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தங்கள்மேல் பள்ளியில் புகார் சொன்னதற்காக, உடன் படித்தவர்களே வீடு புகுந்து ஒரு மாணவரையும், தடுக்க வந்த அவருடைய தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அந்த மாணவர் மறுஆண்டு பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றதைத் தமிழ்நாடே கொண்டாடியது. அந்தச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வண்ணக் கயிறுகள், மோதிரங்கள், சாதி நிறம் பூசிய சைக்கிள்கள் ஆகியவற்றைத் தவிர்க்கச் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. நான் அந்தப் பரிந்துரையை முழுமையாக ஆதரிக்கிறேன். சாமி கயிற்றையும் சேர்த்துத் தடுக்கிறார்கள் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குலதெய்வக் கோயிலில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு எது, இரண்டு மூன்று நிறம் முறுக்கித் தெருவுக்குத் தெரு மாறுகிற கயிறு எது என்பது எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்.

கயிறு ஒரு பையனின் கைக்கு எப்படி வந்து சேருகிறது என்று வெளியூர் வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. யாரும் மிரட்டிக் கட்டுவதில்லை. கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுவாரம், கல்லூரியில் படிக்கிற அல்லது படிப்பை விட்டுவிட்டுச் சுற்றுகிற அண்ணன் ஒருவர் ஒரு கொத்துக் கயிற்றோடு பேருந்து நிறுத்தத்துக்கு வருவார். வரிசையாக எல்லார் கையிலும் முடிந்துவிடுவார். வேண்டுமா என்று கேட்பதும் இல்லை, வேண்டாம் என்று சொல்லும் இடைவெளியும் இல்லை. அதன்பிறகு எல்லாம் தானாக நடக்கும். பேருந்தில் பின் இருக்கை யாருக்கு, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் யாரைச் சேர்ப்பது, குருபூசைக்குப் பனியன் யார் யாருக்கு அடிப்பது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் யார் படம் வைத்தான், யார் வைக்கவில்லை என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கயிறே கணக்கு. கை வெறுமையாக இருப்பவனை யாரும் அடிப்பதில்லை, முதலில். "என்னலே, கை சும்மா கெடக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஒரு வாரம் தினமும் இருபது பேர் சிரித்துக்கொண்டே கேட்டால் பதினான்கு வயதுப் பையன் என்ன செய்வான் என்பதைத் தங்கள் வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

நான் ஒன்பதாம் வகுப்பில் கண்ட ஒரு மாணவனைச் சொல்கிறேன். வட்டம் வரையக் கரும்பலகைக்கு அழைத்தபோது, வெயிலில் கறுத்திருந்த அவன் மணிக்கட்டில் அரை விரல் அகலத்துக்கு வெளுத்த தடம் ஒன்று சுற்றி ஓடுவதைக் கவனித்தேன். சில நாள் கழித்து அவனுடைய ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தபோது, காம்பஸின் காலில் சுற்றியபடி கயிறு உள்ளே இருந்தது. கேட்டேன். "பஸ்ஸுக்காகக் கட்டுறது சார். ஸ்கூல் கேட் வந்ததும் கழட்டிருவேன்" என்றான். ஏன் என்றும் கேட்டேன். பதில் சொல்லாமல் தன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். அவன் பக்கத்தில் உட்காருபவன் வேறு தெருப் பையன். இருவரும் ஒரே நோட்டில் கணக்குப் போட்டுப் பழகியவர்கள். நாள்தோறும் இருமுறை, காலையில் அவிழ்த்து மாலையில் கட்டிக்கொண்டு, அந்த நட்பையும் காப்பாற்றி வீட்டுக்கும் பத்திரமாகப் போய்ச் சேர வழி கண்டுபிடித்திருந்தான். அதை நான் கோழைத்தனம் என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

ஆனால் அன்று நான் செய்தது பெரிய பிழை. மேலிடத்திலிருந்து அறிவுறுத்தல் வந்ததென்று, ஒரு திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்துக்கு முன் பள்ளி வாசலில் கத்தரிக்கோலோடு நின்றவர்களில் நானும் ஒருவன். வந்தவர்களின் கயிற்றையெல்லாம் வெட்டி ஒரு சாக்பீஸ் பெட்டியில் போட்டோம், பெட்டி நிறைந்தது. கடமையைச் செய்துவிட்ட திருப்தியோடு வகுப்புக்குப் போனேன். மறுநாள் எல்லார் கையிலும் புதுக் கயிறு இருந்தது என்பது ஒருபுறம். முந்தைய நாள் மாலை பேருந்தில், எல்லாருடைய கையும் வெறுமையாக இருக்க, இவன் மட்டும் பழக்கம்போலப் பெட்டியிலிருந்து எடுத்த கயிற்றைக் கட்டியிருக்கிறான். வெட்டுப்படாத ஒரே கயிறு. "ஒனக்கு மட்டும் எப்படிலே முன்னாடியே தெரியும்?" என்று கேட்டிருக்கிறார்கள். வாத்தியாரிடம் சொல்லிக்கொடுத்தவன் இவன்தான் என்று முடிவுகட்டி அடித்திருக்கிறார்கள். மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள், வகுப்பிலும் கயிற்றோடு வந்தான். வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தான். வேறு தெருப் பையன் அந்த வருடம் முழுவதும் சுவரோரமாகத் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டான். நடந்தது எனக்குத் தெரியவந்ததே முழுப் பரீட்சை நெருங்கிய பிறகுதான்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் உளவியல் தாளுக்காகப் படித்து மறந்துபோன ஒரு சோதனை அதற்குப் பிறகு அடிக்கடி நினைவுக்கு வந்தது. சாலமன் ஆஷ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950களின் தொடக்கத்தில் நடத்தியது. ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அறையில் இருப்பவர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் முன்பே பேசிவைத்தபடி ஒரே தவறான விடையை உரக்கச் சொல்வார்கள். கண்ணெதிரே தெரிகிற கோட்டை விட்டுவிட்டு, அப்படித் தனித்து விடப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறைச் சொன்னார்கள். கல்லூரியில் படிக்கும் இளைஞர்கள், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில், ஒரு கோட்டின் நீளத்துக்காக. நம் பையன்களுக்கோ கூட்டத்தில் இருப்பவர்கள் சித்தப்பா மகனும் மாமன் மகனும். இரவு அதே தெருவில்தான் தூங்க வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தச் சோதனையின் அடுத்த பகுதி. கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான விடை சொல்லும்படி ஆஷ் மாற்றி வைத்தபோது, தவறுகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. அந்த ஒருவர் பாதியில் கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டபோது தவறுகள் மறுபடி ஏறின. விடையை உரக்கச் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுக்கலாம் என்று விட்டபோதும் தவறுகள் வெகுவாகக் குறைந்தன. அதாவது, பையனுக்கு விடை தெரியும். அவனுக்கு வேண்டியது ஒரு துணை, அல்லது ஒரு மறைவு. நாங்கள் வாசலில் கத்தரிக்கோலோடு நின்று இரண்டையும் ஒரே நாளில் பிடுங்கிவிட்டோம்.

இதை வைத்துப் பார்க்கும்போது, "பிறர் பேச்சைக் கேளாதே, உன் மனம் சொல்வதைச் செய்" என்று காலை வணக்கக் கூட்டத்தில் நாங்கள் ஆற்றும் உரைகள் எவ்வளவு பொறுப்பற்றவை என்று தோன்றுகிறது. மாலை ஐந்து மணிக்கு அந்தப் பேருந்தில் நாங்கள் ஏறப்போவதில்லை. இன்னும் மோசமானது, கயிறு கட்டாத ஒருவனைத் தேடிப்பிடித்து மேடையேற்றிக் கைதட்டிப் பாராட்டுவது. நல்ல எண்ணத்தோடு சில பள்ளிகளில் செய்கிறார்கள். தயவுசெய்து செய்ய வேண்டாம். கைதட்டியவர்களில் பாதிப் பேர் மாலையில் அவனோடு அதே பேருந்தில் வருகிறவர்கள்.

அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவை சிறிய காரியங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் இப்படி அரைமனதோடு கயிறு கட்டுபவர்கள் நான்கைந்து பேராவது இருப்பார்கள். வகுப்பாசிரியருக்குப் பெரும்பாலும் அவர்களைத் தெரியும். எந்தக் காரணமும் சொல்லாமல் அவர்களை ஒரே ஆய்வகக் குழுவில், ஒரே மாலைச் சிறப்பு வகுப்பில், ஒரே பெஞ்சு வரிசையில் சேர்த்துவிடலாம். தன்னைப் போல இன்னொருவன் இருக்கிறான் என்று அவர்களே கண்டுகொள்வார்கள். சிறப்பு வகுப்பு அரை மணி நேரம் தள்ளி முடிந்தால், அவர்கள் ஏறும் பேருந்தே வேறாகிவிடும். கேட்பதற்கு அற்பமாக இருக்கலாம். பேருந்தில் வரும் பையனுக்கு அந்த அரை மணி நேரம் அற்பமல்ல.

அரசுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" என்ற புகார்ப் பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் நான் பார்த்த இடங்களில் அது தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லாரும் நடந்துபோகும் வராந்தாவில், பளிச்சென்று தெரியும்படி மாட்டப்பட்டிருக்கிறது. அதில் சீட்டுப் போடுகிறவனைப் பள்ளிக்கூடமே பார்க்கும். புகார் சொன்னது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதை நாங்குநேரி நமக்குக் காட்டிவிட்டது. வாரம் ஒருமுறை வகுப்பில் எல்லாரிடமும் ஒரே அளவு வெள்ளைத்தாளைக் கொடுத்து, சொல்ல ஏதும் இருந்தால் எழுது, இல்லையென்றால் ஒரு கணக்கை எழுதி மடித்துக் கொடு என்று வாங்கிக்கொண்டால், எழுதியவன் யார் என்று பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடத் தெரியாது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் இதை என் வகுப்பில் செய்தேன். பெரும்பாலான தாள்களில் கணக்குத்தான் இருக்கும். சில தாள்களில் இல்லை.

பெரியவர்களாகிய எங்களைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் நேர்மையாக இராது. ஆசிரியர் அறையில் புதிதாகச் சேர்ந்த பையனைப் பற்றிப் பேச்சு வந்தால், "எந்தத் தெரு?" என்று ஒருவர் கேட்பார். எதற்காகக் கேட்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். யாராவது ஒருவர் பதிலும் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சமூகச் சங்க விழாவுக்கு வைத்த பிளக்ஸ் போர்டில், என்னைக் கேட்காமலே என் படத்தைப் போட்டு, "பெருமைமிகு ஆசான்" என்று எழுதியிருந்தார்கள். என் மாணவர்கள் தினமும் கடந்துபோகும் முக்கில் அது பத்து நாள் நின்றது. எடுத்துவிடச் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே நினைத்தேன். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். ஐம்பத்தாறு வயதில், மாதச் சம்பளமும் பென்ஷன் உறுதியும் இருந்த எனக்கு முடியாததைத்தான், பஸ் பாஸ் மட்டும் வைத்திருந்த பையனிடம் எதிர்பார்த்திருக்கிறேன்.

ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கின்றன. வாசலில் கயிற்றைச் சோதிக்க ஆள் நிறுத்துவதைவிட, மாலை நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் ஓர் ஆசிரியர் நிற்பதற்கும், நெரிசல் மிகுந்த தடங்களில் நடத்துநர்களிடம் பேசி வைப்பதற்கும் மாவட்டக் கல்வி நிர்வாகம் ஏற்பாடு செய்யுமானால் நன்று. பள்ளி மேலாண்மைக் குழுக்கள் கூடும்போது, கொத்துக் கயிற்றோடு நிறுத்தத்துக்கு வரும் அந்த அண்ணன்மார்களின் பெயர்களைச் சத்தமில்லாமல் குறித்துக்கொள்வதும், அவர்கள் வீட்டுப் பெரியவர்களோடு ஊர்ப் பெரியவர்களே பேசுவதும் நடக்கக்கூடிய காரியமே. கயிறு அங்கிருந்துதான் வருகிறது.

இக்கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் என் பெயரையும் ஊரையும் நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்காக அல்ல. அந்த மாணவன் படித்து முடித்து வெளியூரில் வேலையில் இருக்கிறான். அவனுடைய தம்பி இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறான், அதே பேருந்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.