ஆழ்கடல் படகுத் தொழிலாளர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை (2024 ஆகஸ்ட் – 2025 ஜூலை)

தலைவருக்கும் பங்குத்தந்தைக்கும் ஆழ்கடல் படகுத் தொழிலாளர் சகோதரர்களுக்கும் வீட்டாருக்கும் வணக்கம்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால்தான் இந்தக் கூட்டமே நடக்கிறது. மற்ற மாதங்களில் கூட்டம் போட்டால் தலைவரும் பொருளாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். குமரி மாவட்டக் கடற்கரையில் தூத்தூர் முதல் நீரோடி வரை நம் ஆட்களில் பலர் கொச்சி தோப்பும்படி துறைமுகத்திலிருந்து தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிறவர்கள். போனால் 30 நாள், 40 நாள். பிப்ரவரியில் நானும் கடலில் இருந்ததால் அந்த மாதக் குறிப்பு எழுதப்படவில்லை. மன்னிக்கவும்.

இந்த ஆண்டு அதிகம் பேசியது தண்ணீரைப் பற்றி. மீன் விலை, டீசல் விலை பற்றிப் பேசாத நாள் கிடையாது, அதை இங்கே எழுதவில்லை. படகு புறப்படும்போது முதலில் டீசல் ஏறுகிறது, அப்புறம் ஐஸ், இரைக் கணவாய், அரிசி. மிச்ச இடத்தில்தான் தண்ணீர்த் தொட்டி. 12 பேர் ஒரு மாதம் குடிக்கவும் சமைக்கவும் அதுதான். அரிசியைக் கடல் தண்ணீரில் கழுவி, கடைசியாக ஒரு முறை மட்டும் நல்ல தண்ணீரில் அலசுவது உங்களுக்குத் தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். குளிப்பதும் கடல் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் நுரைக்கும். முடித்ததும் தலைவழியே ஒரு குவளை நல்ல தண்ணீர். அதுவும் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடும். உப்புப் புண்ணோடு இன்ஜின் அறைக்கு மேலே, அந்தச் சூட்டில் தூக்கம்.

இன்னொரு தொட்டி கேட்டு உரிமையாளர்களிடம் பேசினோம். சிலர் ஒத்துக்கொண்டார்கள். சிலர், "தொட்டிக்காக ஐஸைக் குறைத்தால் மீனும் குறையும், உங்கள் பங்கும்தானே குறையும்" என்றார்கள். அது பொய்யில்லை. நம் ஆட்களே சிலர் அதற்குத் தலையாட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கழிப்பறை விஷயம் சபையில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பல படகுகளில் பின்புறம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவதுதான் இன்றும். இரவில், அலை தூக்கும்போது, கை வழுக்கினால் இன்ஜின் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. கதவுள்ள மறைப்பு வைக்கும்வரை இரவில் யாரும் தனியாகப் போகக்கூடாது, பக்கத்தில் படுத்திருப்பவனை எழுப்ப வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். திட்டுவான், திட்டட்டும்.

ஜனவரியில் நம் உறுப்பினர் ஒருவரின் பெருவிரலில் தூண்டில் முள் ஏறியது. கேரை மீன் (சூரை வகை) திமிறியதில் கயிறு சுண்டி, முள்ளின் கொளுவி, அதாவது பின்னால் உருவ விடாத எதிர்முனை, உள்ளே போய்விட்டது. கரைக்கு இரண்டு நாள் ஓட்டம். படகில் மருந்து என்று இருந்தது தலைவலித் தைலமும் மஞ்சள்பொடியும். டிரைவர் முள்ளை முன்னுக்குத் தள்ளி முனையை வெளியே எடுத்து, பிளையரால் நறுக்கி, மிச்சத்தைப் பின்னால் உருவினார். விரல் பிழைத்தது. ஆனால் இன்னும் சரியாக மடங்கவில்லை. அதன் பிறகுதான் மருந்துப் பெட்டிக்குப் பணம் ஒதுக்கினோம். கட்டுத்துணி, புண் மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், காய்ச்சல் மாத்திரை, நறுக்கும் பிளையர் எல்லாம் அதில் உண்டு.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்திய படகுகளில் சிலர் அதைப் போனோடு இணைப்பதே இல்லை. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்தபோது தூரத்தில் இருந்த படகுகளுக்குச் செய்தி சொல்ல வழியில்லாமல் கரையில் நின்று அழுதவர்கள் நாம். படகில் பேசும் வி.எச்.எஃப். ரேடியோ அவ்வளவு தூரம் எட்டாது. தயவுசெய்து இணைத்து வையுங்கள்.

மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் சரக்குக் கப்பல் 640 கண்டெய்னரோடு மூழ்கியதில் சீசனின் கடைசி வாரமும் போயிற்று. பிளாஸ்டிக் மணிகள் நம் கரைக்கே வந்து ஒதுங்கின. இழப்பீட்டு மனு எழுத, போகாமல் நின்ற படகுகள் விவரம் தர வேண்டும்.

தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வராதவர்கள் வங்கிப் புத்தக நகலோடு என்னைப் பார்க்கவும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

டி.டி. ஊசி (இரணஜன்னித் தடுப்பூசி) போடாதவர்கள் இந்த மாதமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மருந்துப் பெட்டி படகுக்கு ஒன்று, டிரைவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். பிளையரைத் தனியாகக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

செயலாளர்