ஆபத்து நேரத்திலாவது தமிழில் சொல்லுங்கள்

விமான நிறுவன நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சென்ற வாரம் மதுரைக்குக் கிளம்பி, வலது என்ஜினில் தீ எச்சரிக்கை வந்து சென்னைக்கே திரும்பிய உங்கள் விமானம் பற்றித்தான் இந்த மடல். விவரமெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கும்.

விமானிகள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மணி அடித்து சிவப்பு விளக்கு எரிந்ததும் அந்த என்ஜினின் வேகத்தைத் தணிக்க வேண்டும், எரிபொருளை நிறுத்த வேண்டும், தீயணைப்புக் கைப்பிடியை இழுத்து, தீயை அணைக்கும் வாயு உள்ள முதல் புட்டியை என்ஜினுக்குள் அடிக்க வேண்டும். 30 விநாடியில் விளக்கு அணையாவிட்டால் அடுத்த புட்டி. இத்தனைக்கும் நடுவே விமானத்தையும் ஓட்ட வேண்டும். பயணிகளுக்குச் சொல்வது கடைசி வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஒற்றை என்ஜினில் பத்திரமாக இறக்கினார்கள். அவர்களுக்குக் கோடி நன்றி.

ஆனால் அந்தக் கடைசி வேலை நடந்தது இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். மதுரைக்குப் போகிற விமானத்தில்!

எனக்கு அடுத்த ஜன்னலோரத்தில் ஒரு வயதான அம்மா இருந்தார். அறிவிப்பு வருவதற்கு முன்பே இறக்கைக்குக் கீழே பொறி பறப்பதைப் பார்த்தவர் அவர்தான். அவ்வழியே வந்த பணிப்பெண்ணின் கையைப் பிடித்து, "ஏம்மா, அங்கன நெருப்பு தெரியுது, பைலட்டுகிட்ட சொல்லும்மா" என்றார். அந்தப் பெண் புன்னகைத்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். தமிழ் தெரியாதவரை அங்கே நிறுத்தியது நீங்கள். பிறகு தலையைக் குனியச் சொல்லி உத்தரவு வந்தபோது, அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் பிடரியில் கைவைத்துக் குனிய வைத்தேன்.

சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். 1989 ஜனவரி 8 அன்று லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் கிளம்பிய போயிங் 737-இல் பழுதானது இடது என்ஜின்; விமானிகள் நிறுத்தியது வலது என்ஜினை. வலதில்தான் கோளாறு என்று கேப்டன் அறிவித்தபோது, இடப்பக்கம் தீயைக் கண்ட பயணிகள் இருந்தார்கள், பணியாளர்களும் இருந்தார்கள். ஒருவர்கூட விமானியறைக்குச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் கெக்வொர்த் கிராமத்துக்கு அருகே விமானம் விழுந்து 47 பேர் இறந்தார்கள். அங்கே மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. உங்கள் விமானத்திலோ சொல்லத் துணிந்த ஒரே ஆளுக்குக் கிடைத்தது தண்ணீர் பாட்டில்.

டிக்கெட் விற்கும்போது மட்டும் உங்களுக்குத் தமிழ் வெள்ளமாக வருகிறது. பொங்கலுக்கு வாழ்த்து, ஆடிக்குத் தள்ளுபடி! இறங்கி ஒரு மணி நேரத்துக்குள், "பயண அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்?" என்றுகூடத் தமிழில் குறுஞ்செய்தி வந்தது. உயிர் போகிற நேரத்தில்தான் தமிழ் வரவில்லை.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிய காரியமில்லை. தமிழ்நாட்டுக்கு வந்துபோகும் ஒவ்வொரு விமானத்திலும் தமிழ் தெரிந்த பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும். குனிவது, வெளியேறுவது, பைகளை விட்டுவிட்டு இறங்குவது ஆகியவற்றுக்கான அவசர அறிவிப்புகளைத் தமிழிலும் பதிவுசெய்து வைத்திருக்க வேண்டும். ஆபத்து நேரத்திலாவது தமிழில் சொல்லுங்கள், தமிழில் சொன்னால் காதுகொடுங்கள்.

இதை எப்போது செய்வீர்கள் என்று ஒரு வரி பதில் அனுப்பினால் போதும். அடுத்த பயணத்துக்கான தள்ளுபடிக் கூப்பன் தயவுசெய்து வேண்டாம்.

இப்படிக்கு,
அந்த விமானத்தில் வந்த பயணி